டொமைன் மாற்றம்: மூவ்-ஏடிஆப்ஜெக்ட் கட்டளையா, ஏடிஎம்டி கருவியா?

நிறுவனப் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியில், ஒரே ஃபாரஸ்ட்டிலுள்ள (டொமைன்களின் தொகுப்பு) டொமைன்களுக்கிடையே (கணக்குகளை நிர்வகிக்கும் பிரிவுகள்) பயனர் கணக்கை நகர்த்தும்போது பிழை வந்து நின்றுவிட்டால், பவர்ஷெல்லின் மூவ்-ஏடிஆப்ஜெக்ட் கட்டளையையே திருத்திப் பார்ப்பதா, மைக்ரோசாஃப்ட்டின் இடமாற்றக் கருவியான ஏடிஎம்டிக்கு மாறுவதா என்ற தயக்கம் எழுகிறது.

செலவு: இரண்டும் இலவசம், ஆனால் ஏடிஎம்டிக்கு எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளம் தேவை.

பிழைகள், கட்டளையில்: மூல டொமைனின் ரிட் மாஸ்டர் (கணக்குகளுக்கான அடையாள எண்களை ஒதுக்கும்) பொறுப்பிலுள்ள கன்ட்ரோலரை, அதாவது டொமைனை நிர்வகிக்கும் சர்வரை, குறிப்பிடாவிட்டால் நகர்வு மறுக்கப்படும்; ஒரே கணக்கு இரண்டு டொமைன்களுக்குப் பிரிந்து சென்றுவிடாமல் காக்கும் விதி அது. அடுத்தது குளோபல் குழு. அத்தகைய குழு தன் டொமைனின் உறுப்பினர்களை மட்டுமே ஏற்கும் என்பதால், ‘விற்பனை’ என்ற குளோபல் குழுவிலுள்ள பயனரை முதலில் அதிலிருந்து நீக்கி, நகர்த்திய பின் புதிய டொமைனின் குழுவில் சேர்க்க வேண்டும். பிழைச் செய்தி இதைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பதுதான் எரிச்சல்.

பிழைகள், ஏடிஎம்டியில்: குழு உறுப்பினர் நிலையை அதுவே சரிசெய்ய முயலும், பதிவுக் கோப்பில் (லாக்) ஒவ்வொரு படியையும் எழுதிவைக்கும். எனினும் வேறு ஃபாரஸ்ட்டுக்கு எஸ்ஐடி வரலாற்றுடன் (கணக்கின் பழைய பாதுகாப்பு அடையாள எண்) நகலெடுக்க, இரு டொமைன்களிலும் தணிக்கை (கணக்கு மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதி) இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்கைந்து கணக்குகளுக்குக் கட்டளையே போதும். நூற்றுக்கணக்கில் நகர்த்துவோரும் ஃபாரஸ்ட் எல்லையைத் தாண்டுவோரும் ஏடிஎம்டியை எடுப்பதே சரி. கட்டளையால் அந்த எல்லையைக் கடக்கவே இயலாது.