ஜிசிசியா, எல்எல்விஎம்மா: எதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பது சுலபம்?

முப்பது வரி சி நிரல். நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலருக்கு ஓ0 (ஆப்டிமைசேஷன் வேண்டாம்) கொடுத்தால் சரியான விடை, ஓ2 (வேகமாக ஓடும்படி ஆப்டிமைஸ் செய்) கொடுத்தால் தப்பு. பெரும்பாலும் தப்பு நம்முடையதுதான். குறியுள்ள (மைனஸும் ஆகக்கூடிய) முழு எண்ணை எல்லை தாண்ட விட்டிருப்போம். எப்போதாவது கம்பைலரே தப்பு செய்யும். அப்போதுதான் ஜிசிசி என்ற கம்பைலருக்கும், கிளாங் என்ற இன்னொரு கம்பைலருக்கு அடியில் இருக்கும் எல்எல்விஎம்முக்கும் உள்ள வித்தியாசம் உறைக்கும்.

நிரல் உள்ளே உருமாறும் எல்லாக் கட்டத்தையும் ஃபைலில் கொட்டச் சொன்னால் ஜிசிசி கொட்டிவிடும். ஒரே சோர்ஸ் ஃபைலுக்கு நூற்றுக்கு மேல் டம்ப் ஃபைல்கள். பெயரிலேயே வரிசை எண், கூடவே ஓர் எழுத்து: டி என்றால் ட்ரீ, ஆர் என்றால் ஆர்டிஎல். இரண்டும் சோர்ஸுக்கும் இயந்திர மொழிக்கும் நடுவே வரும் இடைநிலை வடிவங்கள். அடுத்தடுத்த இரண்டு ஃபைல்களை டிஃப் போட்டு ஒப்பிட்டால் நம் கூட்டல் எங்கே காணாமல் போனது என்று தெரியும். ஆனால் பாதை ஒருவழி. டம்பில் ஒரு வரியைத் திருத்தி, ‘இங்கிருந்து தொடர்’ என்று திருப்பிக் கொடுக்க முடியாது. (ட்ரீ கட்டத்தின் வடிவமான ஜிம்பிளை வாசிக்கும் வசதி பிற்பாடு வந்தது, அது டெஸ்ட் எழுதுகிறவர்களுக்கு.)

எல்எல்விஎம்மில் போகவும் வரவும் வழி உண்டு. இடைநிலை வடிவத்தை டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து, எடிட்டரில் திறந்து, கூட்டல் வரியில் ஒட்டியிருக்கும் என்எஸ்டபிள்யூ என்ற குறியை, அதாவது ‘இது எல்லை மீறாது’ என்ற சத்தியத்தை, அழித்துவிட்டு, ஆப்டிமைசேஷனை மட்டும் ஓட்டும் ஆப்ட் கருவியிடம் மறுபடி கொடுக்கலாம். விடை சரியாகிவிட்டதா? அந்தக் குறியைக் கிளாங் ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் குற்றவாளி நாம். நடுவில் ஏதோ ஒரு பாஸ், அதாவது ஆப்டிமைசேஷன் கட்டம், ஒட்டியிருந்தால் சந்தேகம் அதன் மேல். இத்தனையாவது பாஸோடு நிறுத்து என்று எண் கொடுத்து, பாதி பாதியாகக் குறைத்தும் தேடலாம். இந்த வேலைக்கு எனக்கு எல்எல்விஎம்தான்.

டீபக்கர்களை, அதாவது ஓடும் நிரலை நிறுத்தி ஆராயும் கருவிகளைப் பற்றி ஒரு வரி போதும்: ஜிடிபி, எல்எல்டிபி இரண்டுமே நல்லவை. ஜிசிசி மேல் ஜிடிபியை நேராக ஏவாதீர்கள். ஜிசிசி என்ற கட்டளை மற்ற நிரல்களை அழைக்கும் வெறும் டிரைவர். நிஜக் கம்பைலர் சிசி1.

ஜிசிசியின் இந்த ஒருவழிக் கதவு தெரிந்தே வைத்தது. நெக்ஸ்ட் நிறுவனம் தன் ஆப்ஜெக்டிவ்-சி பகுதியை சோர்ஸ் தராமல் ஒட்டப் பார்த்தது. விநியோகித்தால் சோர்ஸையும் தரவேண்டும் என்ற ஜிபிஎல் லைசென்ஸ் இருந்ததால் கடைசியில் தரவேண்டியதாயிற்று. இடைநிலை வடிவத்தைத் தாராளமாக வெளியே விட்டால் எல்லோரும் மூடிய பகுதியைச் செருகுவார்கள் என்று ஜிசிசியைத் தொடங்கிய ஸ்டால்மன் பயந்தார். வெளிப் பகுதிகளைச் செருகும் பிளகின் வசதியே 2010இல், 4.5 பதிப்பில்தான் வந்தது. எல்எல்விஎம்மைத் தொடங்கிய கிறிஸ் லாட்னர் 2005இல் எல்எல்விஎம்மை ஜிசிசிக்கே தர முன்வந்தார். அந்தக் கடிதம் தன் கண்ணிலேயே படவில்லை என்று ஸ்டால்மன் 2015இல் சொன்னார்!

பயம் வீண் என்று நானும் நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு போர்டுக்கு அதன் தயாரிப்பாளர் கொடுத்த கம்பைலர் வந்து சேர்ந்தது. எல்எல்விஎம்மிலிருந்து செய்தது, அந்த லைசென்ஸ்படி சோர்ஸைத் தராமல் இருக்கலாம், தரவும் இல்லை. ஒரு ஃபங்ஷனில் க்ராஷ் ஆகும். அழகான ஸ்டாக் டிரேஸ் வரும், ‘பக் ரிப்போர்ட் அனுப்புங்கள்’ என்று வரும். ஆப்ட் கருவியைக் கூடப் பெட்டியில் வைக்கவில்லை. அனுப்பினோம், காத்திருந்தோம். ஜிசிசியிலிருந்து செய்திருந்தால் சோர்ஸைக் கேட்டு வாங்கி, நாமே சிசி1-க்குள் பிரேக்பாயிண்ட் வைத்திருக்கலாம்.

அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் ஆப்டிமைசேஷனை அணைத்து வைத்தோம். இன்றைக்கும் அப்படியேதான் ஓடுகிறது.