காப்புரிமையா, ரகசியமா, கம்பெனிக்குக் கொடுப்பதா? கடலோரக் கண்டுபிடிப்பாளருக்கு ஓர் அலசல்

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் புதுசாக ஒன்றைச் செய்துபார்க்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வல்லத்து இன்ஜினில் ஒரு மாற்றம், வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்ற ஒரு கொக்கி, வாடைக் காற்றிலும் பிய்ந்துபோகாத பாசித் தெப்பம் என்று வேலைக்கு நடுவிலேயே யோசனைகள் பிறக்கின்றன. செய்தவருக்குக் காசு வந்ததா என்று கேட்டால்தான் பதில் கஷ்டம். அடுத்த சீசனுக்குள் பக்கத்து ஊர்ப் பட்டறையிலும் அதே சாமான் தொங்கும். இது நடக்கக் கூடாது என்றால் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: உங்கள் பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் அதேபோல் இன்னொன்றைச் செய்துவிட முடியுமா?

முடியும் என்றால் ரகசியம் உங்களைக் காப்பாற்றாது. நண்டுக் கொக்கியை விற்ற அன்றே அதன் ரகசியமும் விற்றுப்போகிறது. ஆனால் கருவாடு பதப்படுத்தும் முறை, பாசியை உலர்த்தும் பக்குவம், படகுப் பூச்சின் கலவை போன்றவற்றைப் பொருளைப் பார்த்து எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அங்கே ரகசியம் நல்ல ஆயுதம். செலவில்லை, காலக்கெடு இல்லை. குறை என்னவென்றால், வணிக ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் கிடையாது. வேலையாள் ஒருவர் போய் வெளியே சொல்லிவிட்டால், முன்பே எழுதி வாங்கிய ஒப்பந்தம்தான் கைகொடுக்கும். அது இல்லாதவர் வழக்குப் போடுவதும் சிரமம்.

கண்ணுக்குத் தெரியும் கருவிக்குக் காப்புரிமைதான் (பேட்டன்ட்) வழி, அதாவது உங்கள் அனுமதி இல்லாமல் மற்றவர் அதைச் செய்து விற்க முடியாதபடி தடுக்கும் உரிமை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு உரிமை. சென்னை கிண்டியில் அலுவலகம் இருக்கிறது, ஆனால் அங்கே போக வேண்டியதில்லை. தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய், அந்த விண்ணப்பத்தைப் பரிசோதிக்கக் கோரிக்கை வைக்க 4,000 ரூபாய். உரிமை கிடைத்த பிறகு, விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணி மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. உண்மையான செலவு, விண்ணப்பத்தை எழுதித் தரும் காப்புரிமை முகவருக்குத்தான். முகவர் கட்டாயமில்லை என்று சட்டம் சொன்னாலும், எது என் உரிமை என்று எழுதும் பகுதிக்காவது நல்லவர் ஒருவரிடம் காசு கொடுத்துவிடுங்கள். அந்தப் பத்தியில் ஓட்டை இருந்தால் 20 ஆண்டும் வீண்.

பலர் கவனிக்காத வாசல் ஒன்று இருக்கிறது: தற்காலிக விண்ணப்பம். கருவி முழுமையாகாத நிலையிலேயே அதைக் கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுத்தால் போதும். கடல் கருவிக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் கடலில் ஓட்டிப் பார்க்காமல் எதுவும் முழுமையாகாது. பொதுவெளியில் நியாயமான சோதனை நடத்துவதற்குக் காப்புரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு ஓர் ஆண்டு சலுகை தருவது உண்மைதான். ஆனால் அது வெறும் சோதனைதான் என்று பின்னால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். முதலில் விண்ணப்பம், அப்புறம் கடல், அதற்கும் அப்புறம்தான் வாட்ஸ்அப் வீடியோ. இந்த வரிசை மாறினால் புதுமை போய்விட்டது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம்.

இன்னொன்று. தாத்தா காலத்திலிருந்து போட்டுவரும் வலை முடிச்சுக்குக் காப்புரிமை கேட்காதீர்கள். மரபறிவுக்கு உரிமை தர 3-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. தெரிந்த இரண்டு கருவிகளைச் சும்மா பக்கத்தில் வைத்து ஒட்டினாலும் இதே கதைதான். பணம் கட்டுமுன் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் ஒரு நாள் முழுக்கத் தேடிப் பாருங்கள்.

கம்பெனிக்கு உரிமம் கொடுப்பது மூன்றாவது வழி. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் கப்பாபைகஸ் பாசியைப் பிழிந்து, சாற்றைத் திரவ உரமாகவும் சக்கையைக் காராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்கவும் பயன்படுத்தும் முறையைக் கண்டது. 2005-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய பிறகு தனியாருக்கு உரிமம் கொடுத்தது. உரிமைப் பத்திரம் கையில் இருந்ததால்தான் பேரம் நடந்தது. வெறும் யோசனையோடு போகிறவருக்கு அந்த மரியாதை கிடைக்காது. "உங்கள் ஐடியாவை விற்றுத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

சொந்தமாகச் செய்து விற்பது நான்காவது. நம் பக்கத்துக்கு எனக்கு அதிகம் பிடித்ததும் இதுதான், கஷ்டமும் இதில்தான். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் தன் நாப்கின் இயந்திரத்தைப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்காமல் பெண்கள் குழுக்களுக்கு விற்றார். பாசி வளர்க்கும் குழுக்களும் மீனவர் சங்கங்களும் இருக்கிற நம் கரைக்கு அது நடக்கக்கூடிய பாதை. ஆனால் பட்டறையில் பளபளக்கும் 304 ரக ஸ்டீல் உப்புத்தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். 316 ரகம் தாங்கும், விலை ஏறும். அந்த விலையையும் சேர்த்துத்தான் முதல் மாதிரியைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வாங்கிய பத்துப் பேரே எதிரியாகிவிடுவார்கள்.

கையில் காசே இல்லை, படிப்பும் அதிகமில்லை என்றால் 2000-இல் தொடங்கிய தேசியப் புத்தாக்க அறக்கட்டளையை அணுகுங்கள். பள்ளி, கல்லூரி வழியாக வராத சாதாரண மக்களின் கண்டுபிடிப்புகளுக்காகவே அது இருக்கிறது. தேர்வானால் காப்புரிமைக்கு அவர்களே விண்ணப்பித்துத் தருவார்கள். மதுரையில் சேவா அமைப்பு இதே வேலையில் பல வருடமாக இருக்கிறது, ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பேசிவிட்டு அன்றே திரும்பலாம். காத்திருப்பு நீளும் என்பதுதான் இதில் குறை. அதனால் அவர்களிடம் போகிறவரும் அந்த 1,600 ரூபாய் தற்காலிக விண்ணப்பத்தைத் தானே போட்டுவிட்டுப் போவது நல்லது.

இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நம்மைப் போலவே நண்டு வலை போடுகிறார்கள். அங்கேயும் உரிமை வேண்டுமானால், இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் சர்வதேச விண்ணப்பமோ இலங்கையில் நேரடி விண்ணப்பமோ போட வேண்டும்.