69 மாக் 1-க்கு ஏர் ஃபில்டர்: பழைய பெட்டியா, புது அச்சா?

ஒரு ஏர் ஃபில்டருக்கு ஆறு மாசம் அலைஞ்சேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, வீட்லயும் நம்பல, "தூசி வடிகட்டுற காகிதம்தானே, கடையில இல்லாததா"ன்னு கேட்டாங்க, பதில் சொல்ல முடியாம கராஜுக்குப் போயிட்டேன்.

வண்டி ஃபோர்டோட 1969 மஸ்டாங் மாக் 1, எஞ்சின் 351 விண்ட்சர். விஐஎன், அதாவது வண்டியோட அடையாள நம்பர், 9எஃப்02-ன்னு ஆரம்பிக்கும், அதாவது 69 மாடல், டியர்பார்ன் ஃபேக்டரி, ஃபாஸ்ட்பேக் பாடி. அந்த வருஷம் மட்டும் 72,458 மாக் 1 வந்திருக்கு, அதனால பெரிய அபூர்வம்னு பீத்திக்க ஒண்ணுமில்ல. ஆனா மூடியைத் திறந்தா உள்ள அந்தக் காலத்து ஃபோர்டு பாகங்கள்ல இருந்த ஆட்டோலைட்ங்கிற பேர் தெரியணும்னு ஒரு ஆசை.

இதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, அந்தக் காலத்துலயே செஞ்சு விக்காமக் கிடந்த பழைய ஸ்டாக், என்ஓஎஸ்னு சொல்றது. ரெண்டு, இப்போ புதுசா செஞ்சு பழைய எழுத்து அச்சடிச்சு விக்கிற ரீப்ரோ. மூணு, பக்கத்து பார்ட்ஸ் கடையில கிடைக்கிற சாதா ஃபில்டர். மூணாவதைப் பத்தி அதிகம் பேச வேண்டாம், விலை கம்மி, வேலையும் ஒழுங்கா செய்யும், வண்டி ஓட்டினா போதும்னா அதை மாட்டிட்டுப் போயிட்டே இருங்க.

நான் முதல்ல விழுந்தது என்ஓஎஸ்லதான். பழைய பாகங்கள் விக்கிற ஒரு ஸ்வாப் மீட் சந்தையில 140 டாலர் குடுத்து வாங்கினேன், பெட்டி அவ்வளவு அழகு, ஆட்டோலைட்னு பெருசா எழுத்து, மூலை கூட மழுங்கல. வீட்டுக்கு வந்து பிரிச்சா உள்ள இருந்த ஃபில்டர்ல மோட்டார்கிராஃப்ட்னு அச்சு. அன்னைக்குத்தான் இந்தத் தேதி கண்டுபிடிக்கிற விஷயத்தை ஒழுங்கா படிக்க உட்கார்ந்தேன்.

கதை இதுதான். ஃபோர்டு 1961ல எலக்ட்ரிக் ஆட்டோலைட் கம்பெனிகிட்ட இருந்து அந்தப் பேரையும் ஒஹையோல ஃபோஸ்டோரியால இருந்த ஸ்பார்க் ப்ளக் ஃபேக்டரியையும் வாங்குச்சு. அமெரிக்க அரசு இது போட்டியைக் குறைக்கும்னு கேஸ் போட்டுச்சு, கேஸ் இழுத்து இழுத்து 1972ல சுப்ரீம் கோர்ட் வித்துடுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, 1973ல பேரும் ஃபேக்டரியும் பெண்டிக்ஸ்ங்கிற கம்பெனி கைக்குப் போச்சு. ஃபோர்டு தன் பாகங்களுக்கு மோட்டார்கிராஃப்ட்னு புதுப் பேர் வெச்சுக்கிச்சு. அதனால ஃபோர்டு பாகம்னு சொல்லி வர்றதுல மோட்டார்கிராஃப்ட்னு இருந்தா அது 69ல ஃபேக்டரியில மாட்டினதா இருக்கவே முடியாது, பின்னாடி வந்த சர்வீஸ் பாகம். எனக்கு வித்தவருக்கு இது தெரியுமா தெரியாதான்னு நான் சண்டைக்குப் போகல, பெட்டி ஒரு இடத்துல ஃபில்டர் ஒரு இடத்துல கிடந்து எப்பவோ ஒண்ணு சேர்ந்திருக்கலாம்.

பார்ட் நம்பரை வெச்சு தேதி சொல்லலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நானும் நினைச்சேன். ஃபோர்டு நம்பர்ல முதல் எழுத்து சி-ன்னா அறுபதுகள், டி-ன்னா எழுபதுகள், அடுத்த எண் வருஷம், அதுக்கடுத்த எழுத்து எந்த வண்டிக்குன்னு, இசட்னா மஸ்டாங். நடுவுல 9601னு வந்தா ஃபில்டர், 9600னா மொத்த ஏர் கிளீனர் டப்பா. ஆனா சி5-ன்னு இருந்தா அந்த டிசைன் 65 மாடலுக்குன்னு போட்டதுன்னு மட்டும்தான் அர்த்தம், அதே நம்பர்ல பத்து வருஷம் கழிச்சும் ஃபில்டர் செஞ்சிருக்கலாம். பிறந்த தேதியைக் கேட்டா குலப்பேரைச் சொல்ற மாதிரி.

பெட்டியில என் அனுபவத்துல உருப்படியா உதவுறது சின்னச் சின்ன அச்சுதான். அமெரிக்காவுல ஜிப் கோடு, நம்ம பின்கோடு மாதிரி, 1963 ஜூலைல வந்துச்சு, அதனால முகவரியில அஞ்சு இலக்கம் இருந்தா அதுக்கு அப்புறம். ஒன்பது இலக்கம்னா 1983 தாண்டியாச்சு. பார்கோடு இருந்தா யோசிக்கவே வேண்டாம், கடையில முதல் பார்கோடு ஸ்கேன் பண்ணினதே 1974 ஜூன்ல ஒஹையோ டிராய்ல. செவ்ரோலே பக்கம் பார்க்கிறவங்களுக்கு இன்னொண்ணு, அந்தப் பக்கத்துப் பாகங்களோட பேரான ஏசி-யும் டெல்கோவும் சேர்ந்து ஏசி-டெல்கோன்னு ஒரே பேரா வந்தது 1974ல, 69 கமரோவுக்குன்னு அப்படி ஒரு பெட்டி குடுத்தா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. கிரைஸ்லர் பாகங்களான மோப்பார் பக்கம் நான் கை வெச்சதில்ல, அதை அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க.

சரி, இவ்வளவும் கத்துக்கிட்டு அப்புறம் ஏன் ரீப்ரோ பக்கம் சாஞ்சேன்? ரப்பர்.

ஃபில்டருக்கு மேலயும் கீழயும் ஒரு மெத்துன்னு வளையம் இருக்கும், மேல இருக்கிற விங் நட்டை முறுக்கினா அந்த வளையம் அமுங்கி டப்பாவோட ஒட்டி அடைக்கணும். ஐம்பது வருஷம் பரண்ல கிடந்த வளையம் எங்க அமுங்கும், கல்லு மாதிரி ஆயிடுது, சிலது நகத்தால தொட்டாலே உதிருது. நட்டை முறுக்கினா சுத்தி முழுக்க ஒட்டாம எங்கயாவது இடைவெளி விடும், காத்து காகிதத்துக்குள்ள போகாம அந்த இடைவெளி வழியா நேரா கார்புரேட்டருக்குப் போகும், தூசியோட. அந்தத் தூசி சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். உதிர்ந்த துண்டு கார்புரேட்டர் வாயில விழுந்தா அது தனித் தலைவலி. என்னோட 140 டாலர் ஃபில்டரை மாட்டி நாலு வாரம்தான் ஓட்டினேன், கழட்டிப் பார்த்தா டப்பா அடித்தட்டுல வளையம் உட்கார்ற கோட்டைத் தாண்டி உள்பக்கம் சாம்பல் கலர்ல ஒரு கீத்து. தூசி அந்த வழியாத்தான் போயிருக்கு. அன்னைக்கே கழட்டிட்டேன்.

ரீப்ரோ எனக்கு 35 டாலர் ஆச்சு. வளையம் விரலால அழுத்தினா அமுங்கி உடனே எழும்புது, ஆட்டோலைட்னு அச்சும் இருக்கு. குறை இல்லாம இல்ல, அச்சு கொஞ்சம் அதிகமாவே பளிச்னு இருக்கு, காகிதம் வெள்ளையா இருக்கு, விவரம் தெரிஞ்சவர் ரெண்டு செகண்ட்ல சொல்லிடுவார். சொல்லட்டுமே. ஒரு எச்சரிக்கை, ஃபோர்டு லைசென்ஸ் வாங்கி செய்யற ரீப்ரோ பெட்டியில அதிகாரப்பூர்வ லைசென்ஸ் பொருள்னு ஒரு லேபிள் இருக்கும், அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு கொஞ்சம் அழுக்கேத்தி என்ஓஎஸ்னு விக்கவும் ஆளுங்க இருக்காங்க, அதனால பெட்டி இல்லாம வந்தா முதல்ல வளையத்தை அமுக்கிப் பாருங்க. பஞ்சு மாதிரி இருந்தா 69ல செஞ்சதுன்னு நம்பாதீங்க.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, ஏர் ஃபில்டர்ங்கிறது தூக்கிப் போடறதுக்குன்னே செஞ்ச பொருள். 69ல டியர்பார்ன் லைன்ல மாட்டின ஃபில்டர் முதல் ரெண்டு மூணு சர்வீஸ்லயே குப்பைக்குப் போயிருக்கும். டீலர் கடை பெட்டியில வந்த என்ஓஎஸ்ஸும் மாத்து பாகம்தான், லைன்ல மாட்டினது இல்ல. பிறகு எதுக்கு அவ்வளவு காசு?

இதுல ஒரு விதிவிலக்கு ஒத்துக்கறேன். என் வண்டியில ஃபில்டர் மூடின டப்பாக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நண்பர் ஒருத்தர் வெச்சிருக்கிற 69 கமரோ இசட்28-ல அப்படி இல்ல, குரோம் மூடிக்குக் கீழ 14 அங்குல ஃபில்டர் சுத்தி வெளிய தெரியும், பானெட் திறந்தா முதல்ல கண்ணு அங்கதான் போகும். அவர் வண்டியைப் பழைய கார் போட்டிக்குக் கொண்டு போறவர், அவருக்கு என்ஓஎஸ் நியாயம்தான். போட்டி நாள் மட்டும் அதை மாட்டுவார், மத்த நாள் ரீப்ரோ. நான் போட்டி நடுவருங்க முன்னாடி வண்டியை நிறுத்தினதே இல்ல, ரீப்ரோ மாட்டினா எவ்வளவு மார்க் போகும்னு அவரைத்தான் கேட்கணும். ஆகஸ்ட்ல டெட்ராய்ட் பக்கம் நடக்கிற பழைய கார் திருவிழாவான உட்வர்ட் டிரீம் குரூஸுக்குப் போவேன், பானெட் திறந்து வெச்சு நாற்காலி போட்டு உட்காருவேன், அவ்வளவுதான்.

அந்த 140 டாலர் பெட்டி இப்பவும் ஷெல்ஃப்ல இருக்கு. உள்ள விங் நட்டு, வாஷர் எல்லாம் போட்டு வெச்சிருக்கேன்.