யூரின் கசிவுக்கு ஸ்கேன் பார்க்காமல் மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள்

ஆண்களுக்கென்றே தனி கிளினிக், மூத்திரக் கசிவை மாத்திரையிலேயே நிறுத்திவிடுவோம் என்று விளம்பரம் பார்த்துக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் அப்பாவுக்கு நடந்தது, அவரே எழுதச் சொன்னார்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. யூரின் போய்விட்டு வந்தாலும் அடிவயிறு கனமாகவே இருக்கும், பகலெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசியும், அப்புறம் தூக்கத்தில் படுக்கையும் நனைய ஆரம்பித்தது. அந்த கிளினிக்கில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நரம்புத் தளர்ச்சி, மூத்திரப்பை அடங்க மாட்டேங்குது" என்று சொல்லி மூன்று மாத பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொன்னார். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. கொடுத்தது சாலிஃபெனசின்.

அது கெட்ட மருந்து இல்லை. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் போய்விடுகிறதே, அவர்களுக்கு மூத்திரப்பை வேண்டாத நேரத்தில் சுருங்குகிறது. அதை அடக்க இந்த மாத்திரை உதவும். அப்பாவுக்கு இருந்தது நேர் எதிர். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்திருந்தது, பல வருடச் சர்க்கரையில் பையின் நரம்புகளும் மந்தமாகியிருந்தன, ஆகப் பை காலியாவதே இல்லை, நிரம்பிய தொட்டி மாதிரி வழிந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே தள்ளத் தெம்பில்லாத தசையை இன்னும் அடக்கினால் என்ன ஆகும்? வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, கசிவு மட்டும் அப்படியே இருந்தது. போனில் சொன்னதற்கு "டோஸை டபுள் பண்ணுங்க" என்றார்கள். அதற்கப்புறம் ஒரு ராத்திரி சுத்தமாக அடைத்துக்கொண்டு வலியில் துடித்துவிட்டார். அவசரப் பிரிவில் டியூப் போட்டு எடுத்தது ஒரு லிட்டருக்கும் மேல். சாதாரணமாக 400, 500 மில்லியிலேயே தாங்காது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு ஏறியிருந்தது, சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. வயதான ஆண் புதிதாகப் படுக்கையை நனைத்தாலே பை நிரம்பி வழிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் அங்கிருந்த யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை மருத்துவர்).

பார்க்கப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். யூரின் போனபிறகு உள்ளே எவ்வளவு மீதி நிற்கிறது என்று வயிற்றின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பது சில நிமிட வேலை, ஊசிகூடக் கிடையாது. கிளினிக்காரர்கள் கொடுத்த ஃபைலிலேயே அதற்கு ஒரு கட்டம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், நிரப்பத்தான் இல்லை! மாத்திரை எழுதுவதற்கு முன்னால் "மீதி எவ்வளவு நிக்குது டாக்டர்?" என்று கேளுங்கள். மழுப்பினால் இடத்தை மாற்றுங்கள்.

அந்த கிளினிக்கில் காத்திருந்தபோது, புற்றுநோய்க்காக புராஸ்டேட்டை எடுத்துவிட்டு, இருமினாலும் பாரம் தூக்கினாலும் கசிகிறது என்று வந்த ஒருவருக்கும் இதே பேக்கேஜ்தான். அந்தக் கசிவு மூடி வைக்கும் தசை பலவீனமானதால் வருவது. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை முறையாகக் கற்றுக்கொண்டு செய்தால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் நன்றாகக் குறையும், அப்படியும் நிற்காவிட்டால் ஸ்லிங் (மூத்திரக்குழாயைத் தாங்கும் பட்டை), செயற்கை ஸ்பிங்க்டர் (அந்தத் தசைக்குப் பதிலாக வைக்கும் வளையம்) என்று அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. போய் முடித்தபின் ஜட்டியில் நாலு சொட்டு விழுவது இன்னும் சாதாரணம், விதைப்பைக்குப் பின்னால் விரலால் அழுத்தி முன்பக்கமாக நீவிவிட்டாலே போதும். அதற்கும் பேக்கேஜ் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பாவுக்கு டியூபோடு சிறுநீரகம் தேறும்வரை காத்திருந்து, மூத்திரக்குழாய் வழியாகவே புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தார்கள். அடைப்பு போய்விட்டாலும் பை பழைய பலத்துக்கு வரவில்லை, அதனால் மீதி அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்கிறோம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் சளி, அலர்ஜி மாத்திரையைக்கூடக் கேட்காமல் போடக் கூடாது, சிலது அடைத்துவிடும். யூரினில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடாமல் யூராலஜிஸ்டிடம் காட்டுங்கள். கசிவோடு கால் பலம் குறைவது, உட்காரும் இடம் மரத்துப்போவது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். சிகிச்சை ஆரம்பித்தபின் தர மாட்டோம் என்று படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். யார் மருந்து எழுதினார், அவருடைய பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.