மிதித்துச் செல்லும் தூண்டில் கயாக்: ஆழமற்ற கடலுக்கு எதைத் தெரிவது?

மெல்பேர்ணின் தென்கிழக்கே உள்ள வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவில் நீர் வற்றும்போது, சற்று முன்பு படகு ஓடிய இடம் சேற்றுத் திடலாகவும் கடற்புல் வெளியாகவும் மாறிவிடும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று மீற்றர் வரை நீர்மட்டம் மாறும் அந்தக் கடலில்தான் கடந்த சில பருவங்களாக நான் கயாக் எனும் ஒடுங்கிய சிறு படகில் இருந்து தூண்டில் போட்டு வருகிறேன். துடுப்புக் கயாக்கில் தொடங்கி, கால்களால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக்குகள் இரண்டைச் சொந்தமாக வைத்திருந்து, நண்பர்களுடையவை சிலவற்றையும் மிதித்துப் பார்த்த பின், இப்போது ஹோபி நிறுவனத்தின் அவுட்பேக் கயாக்கைப் பயன்படுத்துகிறேன். என்னை அதற்குக் கொண்டுவந்தவை இரண்டே கேள்விகள். நான் தூண்டில் போடும் இடத்தில் கயாக்கின் அடிக்குக் கீழே எவ்வளவு நீர் இருக்கும்? காரில் இருந்து அந்த நீர் வரை அதை நான் தனியாகக் கொண்டுபோக முடியுமா? விளம்பரப் படங்களில் தூண்டில் தாங்கிகளும் மீன் காட்டும் கருவித் திரைகளும் நிறைந்திருக்கும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் அங்கே விடை கிடைக்காது.

பெடல் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை நீரோட்டத்தில் துடுப்புக் கயாக்கில் இருந்து கிழங்கான் பிடித்துப் பார்க்க வேண்டும். இங்கே கிங் ஜோர்ஜ் வைற்றிங் என்று அழைக்கப்படும் மீன் நம் கிழங்கானின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடற்புல்லுக்கு இடையில் இருக்கும் வெறும் மணல் திட்டுகளில் மேயும். அந்தத் திட்டின் மேலேயே நின்றால்தான் மீன் உண்டு. துடுப்பைக் கையில் எடுத்தால் தூண்டிலை வைக்க வேண்டும், தூண்டிலை எடுத்தால் நீரோட்டம் கயாக்கைத் திட்டில் இருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். கால்கள் கயாக்கை நிறுத்திவைக்க, கைகள் இரண்டும் தூண்டிலுக்கே என்று ஆகும்போது, ஒரு காலையில் உண்மையாக மீன்பிடிக்கும் நேரம் பெருமளவு கூடிவிடுகிறது. தொடை தசைகள் தோளைவிட மெல்லச் சோர்வதால், எதிர்க்காற்றில் கரைக்குத் திரும்புவதும் எளிதாகிறது.

பெடல் இயக்கிகளில் இரண்டு இனங்கள் உண்டு. வாங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இவற்றில் எது என்பதையே. ஒன்று, ஹோபி 1997இல் அறிமுகப்படுத்திய மிராஜ் டிரைவ். கயாக்கின் அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள், பென்குயின் பறவை நீருக்கடியில் சிறகடிப்பதைப் போலப் பக்கவாட்டில் எதிரெதிராக வீசி உந்துகின்றன. கால்கள் வட்டமாகச் சுற்றுவதில்லை. ஒன்றை முன்னே தள்ள மற்றது பின்னே வருகிறது. அந்த நிறுவனம் முதலில் உலகப் புகழ் பெற்றது 1960களின் இறுதியில் வெளிவந்த ஹோபி 14 போன்ற இரட்டை உடல் பாய்ப்படகுகளால். அவற்றைக் குறிக்க ஆங்கிலம் பயன்படுத்தும் ‘கற்றமரான்’ என்ற சொல் நம் கட்டுமரத்தில் இருந்து போனது என்பதை நினைக்கும்போது, அந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த கயாக்கில் அமர்ந்து தூண்டில் போடுவது எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

இரண்டாவது இனம் புரொப்பெல்லர் எனும் சுழல் விசிறி. சைக்கிளைப் போலவே கால்கள் வட்டமாகச் சுற்ற, பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைப் பெருக்கி, அடியில் இறங்கியிருக்கும் தண்டின் முனையில் உள்ள புரொப்பெல்லருக்குக் கொடுக்கின்றன. ஓல்ட் டவுன் நிறுவனத்தின் பீ.டி.எல். இயக்கியில் இந்தப் பெருக்கம் 10.3 மடங்கு, பெடலை ஒருமுறை சுற்றினால் புரொப்பெல்லர் பத்து முறைக்கு மேல் சுற்றும். நேட்டிவ் வாட்டர்கிராஃப்டின் புரொப்பெல் இயக்கியும் இதே இனம். இவற்றின் பெரிய வரம், பின்னோக்கி மிதித்தால் அந்தக் கணமே கயாக் பின்னால் போவது. மிராஜ் டிரைவின் முதல் தலைமுறைகளுக்குப் பின்னோக்கிச் செல்லும் வசதியே இருக்கவில்லை. பின்னர் வந்த 180 வகையில் அது உண்டு என்றாலும், ஒரு கயிற்றை இழுத்துச் சிறகுகளைத் திருப்பிவிட்டே பின்னால் மிதிக்க வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் புரொப்பெல்லர்தான் வெல்லும். நானும் அப்படி எண்ணித்தான் என் முதல் பெடல் கயாக்கைப் பழைய பொருளாக வாங்கினேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் குறை அதன் செய்நேர்த்தியில் இருக்கவில்லை, என் தெரிவில் இருந்தது. ஆழமான நீரில் அது ஒழுங்காக ஓடியது. கடற்புல் வெளிக்குள் நுழைந்ததும், அறுந்து மிதக்கும் புல் இழைகள் தண்டில் நூல்போலச் சுற்றிக்கொண்டன. பின்னால் மிதித்தால் சில இழைகள் கழன்றன, பெரும்பாலானவை இறுகின. இயக்கியை மேலே தூக்கி, கையால் புல்லை உரித்து, மீண்டும் இறக்குவதற்குள் நீரோட்டம் என்னைத் திட்டில் இருந்து விலக்கிவிடும். அத்துடன், புரொப்பெல்லர் கயாக்கின் அடிப்பகுதிக்கு வெகு கீழே தொங்குவதால், முழங்கால் அளவு நீரில் அது மணலைத் தொட்டுவிடுமோ என்ற அச்சத்துடனேயே மிதிக்க வேண்டியிருந்தது.

மிராஜ் டிரைவில் ஒரு பெடலை முற்றாக முன்னே தள்ளினால் இரண்டு சிறகுகளும் கயாக்கின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் கயாக் நீரில் அமிழும் ஆழத்துக்குச் சற்று அதிகமாக நீர் இருந்தாலே புல்லின் மேல் வழுக்கிச் செல்லலாம். நீர் சற்று ஆழமானதும் குறுகிய அசைவுகளாக மெல்ல மிதித்துச் சிறகுகளைப் பாதி அளவில் வீசலாம். அண்மைய வகைகளில் சிறகுகள் பாறையிலோ மணலிலோ மோதினால் பின்னால் மடிந்துகொள்ளவும் செய்கின்றன. புல் இவற்றிலும் மாட்டும். ஆனால் சுழலும் தண்டு இல்லாததால் முடிச்சாக இறுகுவதில்லை, இரண்டு மூன்று வேகமான அசைவில் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. கிழங்கானுக்கும் கணவாய்க்கும் போகிறவருக்கு வேறு எந்த வசதியும் இதற்கு ஈடாகாது.

இதே மெல்பேர்ணில், போர்ட் பிலிப் விரிகுடாவின் நடுப்பகுதியில் வசந்த காலத்தில் ஸ்னாப்பர் மீனுக்குப் போகிறவருக்கு நான் இந்த வாதத்தைச் சொல்லமாட்டேன். அங்கே நீர் பல மீற்றர் ஆழம், புல் தொல்லை குறைவு, நெடுந்தூரம் ஒரே சீராக மிதிக்க வேண்டும். பாலத் தூண்கள், பாறைத்திட்டுகள் ஆகியவற்றின் அருகே பெரிய மீன் மாட்டினால், அது தூணைச் சுற்றும் முன் கயாக்கைப் பின்னால் இழுத்தெடுப்பதற்குப் புரொப்பெல்லரின் உடனடிப் பின்னோட்டம் பேருதவி. முழங்கால் வலி உள்ளவர்களில் சிலருக்கு வட்டச் சுழற்சி ஒத்துவருகிறது, வேறு சிலருக்கு முன்னே தள்ளும் அசைவுதான் ஒத்துவருகிறது. இதை அரை மணி நேரமாவது மிதித்துப் பார்க்காமல் அறிய வழியில்லை. சிறகு இயக்கியையே முழு வட்டமாகத் திருப்பிப் பக்கவாட்டிலும் பின்னாலும் செல்லவைக்கும் ஹோபியின் 360 வகை இரண்டின் நன்மைகளையும் சேர்க்க முயல்கிறது. அதை நான் நண்பரின் புரோ ஆங்லர் என்ற பெரிய ஹோபி கயாக்கில் ஓட்டிப் பார்த்தேன், கட்டுப்பாடு வியக்கத்தக்கது. ஆனால் அங்கேதான் என் இரண்டாவது கேள்வி குறுக்கே வந்தது.

புரோ ஆங்லர் 14 வகையின் நீளம் 4.17 மீற்றர், அகலம் ஏறத்தாழ 97 சென்ரிமீற்றர், தாங்கும் பாரம் 272 கிலோ. அதன் மேல் எழுந்து நின்று தூண்டில் வீசுவது வீட்டுத் திண்ணையில் நிற்பது போன்ற நிலைத்தன்மை தரும். எல்லாம் பூட்டிய நிலையில் அதன் எடையோ 60 கிலோவைத் தாண்டிவிடுகிறது. பல கார்களின் கூரை தாங்கும் எடை, சட்டங்களையும் சேர்த்து 75 கிலோ அளவில்தான் இருக்கிறது. அந்த எல்லைக்குள் அடங்கினாலும், தனி ஒருவர் அதைத் தலைக்கு மேல் உயர்த்துவது முதுகுக்குச் செய்யும் கேடு. எனவே இதை வாங்குபவர் ட்ரெயிலரின் விலையையும், அதை நிறுத்தும் இடத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அவுட்பேக் 3.88 மீற்றர் நீளமும் 86 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. 193 கிலோ தாங்கும். இருக்கையையும் இயக்கியையும் கழற்றினால் வெறும் உடல் சுமார் 38 கிலோ, எல்லாம் சேர்ந்தால் சுமார் 47 கிலோ. ஒரு முனையைக் கூரையில் சாய்த்துவைத்து மறுமுனையைத் தள்ளி ஏற்றும் முறையில் இதை நான் ஒருவனாகவே ஏற்றி இறக்குகிறேன்.

எடையின் உண்மையான கசப்பு திரும்பி வரும்போதுதான் தெரியும். வொர்னீற் போன்ற இறங்குதுறையில் ஏற்றத்தில் புறப்பட்டு, மீன் கடிக்கும் மகிழ்ச்சியில் நேரத்தை மறந்து, வற்றத்தில் திரும்பினால், கயாக்குக்கும் காருக்கும் இடையே சேறு விரிந்து கிடக்கும். ஒருமுறை கணுக்காலுக்கு மேல் புதையும் சேற்றில் கயாக்கை அடி அடியாக இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று பிடித்த மீனைச் சுத்தம் செய்யவும் எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அகன்ற பலூன் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று இருந்தால் மணலில் பாதி வேலை குறையும். அதன் விலையைக் கயாக்கின் விலையின் பகுதியாகவே எண்ணுங்கள்.

தாங்கும் பாரம் என்று தயாரிப்பாளர் தரும் எண்ணை முழுமையாக நிரப்பக் கூடாது. உடல் எடை, தூண்டில்கள், நங்கூரம், பற்றரி, குடிநீர், பனிக்கட்டி எல்லாம் சேர்ந்து அதன் மூன்றில் இரண்டு பங்குக்குள் நின்றால் கயாக் இயல்பாக ஓடும். அதற்கு மேல் போனால் அலையில் மந்தமாகி, வடிகால் துளைகள் வழியாக நீர் மேலே வரத் தொடங்கும். அவுட்பேக்கில் அமைதியான நீரில் எழுந்து நிற்க முடிகிறது, அலையில் நான் நிற்பதில்லை. நின்றபடியே மீன்பிடிப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் இதைவிட அகலமான ஒன்றைப் பாருங்கள், எடையை ஏற்றுக்கொண்டு.

விலை எல்லோருக்கும் உறுத்தும். பெயர்பெற்ற பெடல் கயாக் எதுவும் புதிதாக வாங்கினால் சில ஆயிரம் டொலர்கள். பழையது வாங்குவதில் தவறில்லை. ஆனால் இயக்கி பொருந்தும் குழியைச் சுற்றி வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஏனென்றால் மிதிக்கும் விசை முழுவதையும் அந்த இடத்துப் பொலித்தீன் சுவரே தாங்குகிறது. மிராஜ் டிரைவ் என்றால் உருக்குக் கம்பிகளின் இறுக்கத்தையும் சங்கிலியின் துருவையும், புரொப்பெல்லர் என்றால் சுழற்றும்போது கேட்கும் ஓசையையும் கவனியுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. விக்ரோறியா மாநிலத்தில் கயாக்கில் செல்பவர் உயிர்காப்பு அங்கியை அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். குளிர்காலத்தில் இங்கே கடல் நீர் விறைக்க வைக்கும், ஆகவே காற்றின் வெப்பத்தைப் பார்த்து உடுத்தாமல் நீரின் வெப்பத்தைப் பார்த்து உடுத்துங்கள். பெடல் இருந்தாலும் துடுப்பை ஒருபோதும் கரையில் விடாதீர்கள். இயக்கியைக் கயாக்குடன் கயிற்றால் இணைத்துவையுங்கள்; கவிழ்ந்தால் அது அடியில் போய்விடும். கவிழ்ந்த கயாக்கில் மீண்டும் ஏறுவதை, கோடையில், இடுப்பளவு நீரில், பலமுறை பழகிக்கொள்ளுங்கள். அகலமான கயாக் கவிழ்வது அரிது, ஆனால் கவிழ்ந்துவிட்டால் அதை நிமிர்த்துவதும் கடினம். வொர்னீற் அருகிலேயே உள்ள யரிங்கா கடல் தேசியப் பூங்காவில் மீன்பிடிக்கத் தடை உண்டு என்பதால், அதன் எல்லையை வரைபடத்தில் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

விற்பனையாளரிடம் போகும்போது, தெளிந்த குளத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நீங்கள் வழக்கமாகத் தூண்டில் போடும் துறையில், நீர் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், பிற்பகல் காற்று எழுந்த பின் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஓட்டிய பின் வேறு யாருடைய கையும் படாமல், நீங்களே அதைக் காரின் கூரை மேல் ஏற்றிப் பாருங்கள்.