அகலமா, ஆஃப்செட்டா, ஸ்பேசரா? மட்கார்டு விளிம்போடு சக்கரத்தை நிறுத்தும் நான்கு வழிகள்

மட்கார்டின் விளிம்பும் டயரின் வெளிப்பக்கமும் ஒரே கோட்டில் நிற்பதைத்தான் ஃப்ளஷ் என்கிறோம். ரிம்மின் அகலத்தைக் கூட்டியும் இந்தத் தோற்றத்தைப் பெறலாம், ஆஃப்செட்டைக் குறைத்தும் பெறலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது; ஆனால் உள்ளே இருக்கும் ஸ்ட்ரட்டும் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தண்டு) ஸ்டீயரிங்கும் அதை உடனே உணரும்.

ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டுக்கும், ஹப்பின் மீது, அதாவது சக்கரம் பூட்டப்படும் சுழல் நடுப்பகுதியின் மீது, ரிம் பதியும் முகத்துக்கும் இடையே உள்ள தூரமே ஆஃப்செட். அது மில்லிமீட்டரில் ஈ.டி. என்ற குறியோடு ரிம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பதியும் முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்புறம் இருந்தால் அது நேர்குறி ஆஃப்செட். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுவே. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ரிம் வாங்கிவிடுபவர்கள் குறைவல்ல. அகலத்தின் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ரிம் வெளிப்புறம் எவ்வளவு நீள்கிறது என்பதும், பாதியோடு கூட்டினால் உட்புறம் எவ்வளவு நீள்கிறது என்பதும் கிடைக்கும்.

அலசலுக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் ரிம் 16 அங்குல விட்டமும் 6.5 அங்குல அகலமும் கொண்டது, ஆஃப்செட் 45, டயர் 205/55 (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு). சமதளத்தில் காரை நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு அளந்தபோது, நூலுக்கும் ரிம் ஓரத்துக்கும் இடையே 28 மில்லிமீட்டர் இருந்தது என்று வைப்போம். டயரின் பக்கச்சுவர் ரிம்மைவிடச் சற்றுப் பிதுங்கி நிற்பதால், டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 21 மில்லிமீட்டர்தான். நாம் நிரப்ப வேண்டிய இடம் இந்த 21.

முதல் வழி, ஆஃப்செட்டைத் தொடாமல் 17 அங்குல விட்டமும் 7.5 அங்குல அகலமும் கொண்ட ரிம்மில் 225/45 டயரைப் பூட்டுவது. ரிம் இருபுறமும் 12.7 மில்லிமீட்டரும், டயர் இருபுறமும் 10 மில்லிமீட்டரும் நீளும். வெளியே இன்னும் 11 மில்லிமீட்டர் மிஞ்சுவதால் இது ஃப்ளஷ் ஆகாது. ஸ்ட்ரட்டின் பக்கமோ 13 மில்லிமீட்டர் இடம் பறிபோகும். ஸ்டீயரிங் வடிவியல் குலையாது என்பது மட்டுமே இதன் பலம்.

அதே ரிம்மை 35 ஆஃப்செட்டில் வாங்குவது இரண்டாவது வழி. வெளி ஓரம் 22.7 மில்லிமீட்டர் முன்வரும். உள் ஓரம் வெறும் 2.7 மில்லிமீட்டர் நகரும். டயர் சரியாக 20 மில்லிமீட்டர் வெளியே வந்து நூலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

மூன்றாவது வழி, பழைய ரிம்மையே வைத்துக்கொண்டு, அதற்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் எனும் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள வட்டைச் செருகுவது. டயர் வந்து நிற்கும் இடம் இரண்டாவது வழியில் வந்த அதே கோடுதான் என்பதால், இவ்விரண்டையும்தான் கூர்ந்து ஒப்பிட வேண்டும். ஸ்டீயரிங் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும் டயர்த் தடத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். காரை வடிவமைத்தவர்கள் அதை ஆஃப்செட்டோடு பொருத்தியே நிர்ணயித்திருக்கிறார்கள். இரண்டாவது வழியில் சக்கரத்தின் நடுக்கோடு 10 மில்லிமீட்டர் மட்டுமே வெளியே நகர்கிறது. ஸ்பேசரிலோ முழு 20. அந்த நகர்வு கூடக்கூட, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதும், இருபுறமும் பிடிப்பு வேறுபடும் தரையில் பிரேக் அழுத்தும்போதும் ஸ்டீயரிங் கையை இழுப்பது கூடும். ஹப் பேரிங்கின் மீதான நெம்புவிசையும் ஏறும். நட்டுகள் முழுமையாகத் திருகப்பட ஹப்பில் நீளமான ஸ்டட்டுகள் (நட்டு ஏறும் மரைத்தண்டுகள்) தேவைப்படும். ஸ்பேசரின் நடுத்துளை ஹப்போடு இறுகப் பொருந்தாவிட்டால் வேகத்தில் அதிர்வு வரும். ஸ்பேசரை ஒட்டுமொத்தமாகப் பழிப்பது நியாயமன்று. 5 மில்லிமீட்டர் குறையைச் சரிசெய்ய அது நல்ல கருவி, 20 மில்லிமீட்டருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது வழி 18 அங்குல விட்டம், 8 அங்குல அகலம், 35 ஆஃப்செட், 225/40 டயர். ரிம் 29 மில்லிமீட்டர் வெளியே வந்து நூலைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் துருத்தும். கேம்பரை, அதாவது சக்கரத்தின் செங்குத்துச் சாய்வை, ஒரு பாகை உள்நோக்கி மாற்றினால் டயரின் மேற்பகுதி ஐந்தாறு மில்லிமீட்டர் உள்ளே போகும் என்றாலும், அதற்கான விலையை டயரின் உள்தோள் தேய்ந்து கொடுக்கும். உருளும் விட்டம் 632 மில்லிமீட்டரிலிருந்து 637 ஆவதால் ஸ்பீடோமீட்டர்க் கணக்கு பெரிதாக மாறாது; ஆனால் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 90 ஆகச் சுருங்குகிறது. பள்ளத்தில் விழுந்தால் ரிம் நசுங்காமல் காப்பது அந்தப் பக்கச்சுவர்தான். டயர்த் தடம் மட்கார்டுக்கு வெளியே தெரியக் கூடாது என்பது பல நாடுகளில் சட்டமும்கூட.

ஆகவே என் தேர்வு இரண்டாவது வழி, ஒரு திருத்தத்தோடு. அச்சிட்ட அகலம் ஒன்றாகவே இருந்தாலும் டயரின் உண்மையான அகலம் நிறுவனத்துக்கு நிறுவனம் சில மில்லிமீட்டர் மாறும். முன்சக்கரம் முழுத் திருப்பத்தில் உள்புற உறையையும், இருக்கைகள் நிறைந்து சஸ்பென்ஷன் அமிழும்போது மட்கார்டின் மடிப்பையும் தேடிப் போகும். எனவே முன்னால் 40, பின்னால் 35 என்று ஆஃப்செட்டைப் பிரித்து வாங்குவேன். முன்பக்கம் ஐந்து மில்லிமீட்டர் உள்ளே நிற்பதைத் தூக்குநூல் காட்டிக்கொடுக்குமே தவிர, கண் காட்டிக்கொடுக்காது. இதற்கு ஈடாக ஒரு தொல்லை உண்டு: தேய்மானத்தைச் சமன்செய்ய முன் டயரைப் பின்னுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் டயரை ரிம்மிலிருந்து கழற்றித்தான் மாற்ற வேண்டியிருக்கும்.