லீ என்பீல்ட் பயனெற்: 1907 நீள வாளா, நம்பர் 4 ஊசியா?

பழைய யுத்தகால ஆயுதங்களில் பைத்தியம் உள்ளவர்களுக்குக் கொழும்பில் பெரிய தெரிவெல்லாம் கிடையாது. துவக்கு என்றால் 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வருடா வருடம் டிசம்பர் 31இல் முடிகிற லைசன்ஸ் என்று தொடங்கும், அலைச்சலுக்கு அளவே இல்லை, சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டும் என்று போய்க் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் திரீ நொட் திரீயில், அதாவது பிரிட்டிஷ் படையின் லீ என்பீல்ட் துவக்கில் ஆசைப்பட்டவன் கடைசியில் அதன் முனையில் பூட்டும் குத்துக் கத்தியான பயனெற்றில் வந்து நிற்பான். நானும் அப்படித்தான். அதற்கும்கூட வாங்க முதல் தெரிந்த சட்டத்தரணி யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சண்டைக் காலத்தில் செக்கிங் வந்தால் மீன் வெட்டும் கத்தியை எங்கே வைப்பது என்று யோசித்த ஆக்கள் நாங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். லீ என்பீல்டுக்கு வந்த பயனெற்களில் அடிபடுவது இரண்டு. முதலாம் யுத்தத்தின் நம்பர் 1 துவக்குக்கு 1907 மாடல், 17 அங்குல அலகு, வால்நட் மரப் பிடி, தோல் உறை. இரண்டாம் யுத்தத்தின் நம்பர் 4 துவக்குக்கு 8 அங்குல ஊசி, பிடியே இல்லை, உறையும் பெரும்பாலும் இரும்பு. ஒன்றுடையது மற்றதற்குப் பொருந்தாது. அழகு எது என்று கேட்கவே தேவையில்லை, 1907தான். பக்கத்தில் வைத்தால் நம்பர் 4 தேங்காய் உரிக்கிற அலவாங்கின் குட்டி மாதிரி இருக்கும். விலையிலும் 1907தான் மேலே, விற்கப் போனாலும் அதற்குத்தான் ஆள் வரும். இவ்வளவையும் தெரிந்துகொண்டே நான் ஊசிப் பக்கம் சாய்ந்தேன்.

காரணம் பராமரிப்பு. வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, யன்னல் கிறில் எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் என்ன ஆகிறது என்று பாருங்கள், அதே காற்றுத்தான் அலுமாரிக்குள்ளும் போகிறது. 1907இல் முதல் எதிரி அதன் சொந்த உறை. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் அதற்குள்ளேயே இருக்கும், அலகு அதோடு ஒட்டிக்கொண்டு மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை கிடந்தால் நுனிப் பக்கம் புள்ளி புள்ளியாகக் கறள் விழுந்து குழியாகிவிடும். கறளை எடுக்கலாம், குழியை எடுக்க முடியாது. அதனால் அலகையும் உறையையும் பிரித்துத்தான் வைக்க வேண்டும். பிரித்து வைத்தால் உறையில் பூஞ்சணம், தையல் இற்றுப்போகும், தோல் சுருங்கினால் பிறகு வாள் உள்ளே போகாது.

அடுத்தது பிடி. இரண்டு மரத் துண்டுகள், குறுக்கே இரண்டு திருகாணி, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் தெரியாது. கழற்றிப் பார்க்கலாம் என்றால் நூறு வருடம் இறுகின ஆணி, தலை வழுகினால் பெறுமதியும் போச்சு. கழற்றாமல் மேலால் எண்ணெய் விட்டால் மரம் குடித்துக் கறுத்து மெத்துமெத்தென்று ஆகும். உறவினர் ஒருவரின் 1907 ஒரு மழைக்காலம் முழுக்க என் அலுமாரியில் இருந்தது, என் நேரடி அனுபவம் அவ்வளவுதான், ஏசி அறையும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் வைத்திருப்பவர்கள் வேறு கதை சொல்லக்கூடும்.

நம்பர் 4இல் மறைவிடம் என்று ஒன்றே இல்லை. ஊசியைத் துடை, குழல் மாதிரியான கழுத்துக்குள் துணியைச் சுற்றி ஒரு திருப்புத் திருப்பு, பூட்டும் பொத்தானுக்கு ஒரு சொட்டு எண்ணெய், உறையைக் கவிழ்த்துத் தட்டு, முடிந்தது. தையல் மெஷின் எண்ணெய் போதும், தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், சிக்குப் பிடிக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: நம்பர் 4இன் முதல் வகையைச் செய்தது ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்கில் இருந்த சிங்கர் தொழிற்சாலை, 1877இல் இருந்து இலங்கையில் தையல் மெஷின் விற்கிற அதே சிங்கர். சுமார் 75,000தான் செய்தார்கள். ஊசியின் குறுக்குவெட்டு சிலுவை வடிவில் இருந்தால் அது மாக் 1, அந்த முதல் வகை, கண்டால் விடாதீர்கள். வெறும் உருண்டை ஊசி மாக் 2, அதுதான் லட்சக்கணக்கில் வந்தது. மாக் 3 இன்னும் அவசரம், கழுத்து தகட்டை மடித்து வெல்டிங் வைத்தது, செய்தது லூக்காஸ், பழைய மொறிஸ் மைனரில் ஹெட்லைட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த பெயர். அது என் கைக்கு இன்னும் வரவில்லை.

அடையாளம் காண்பதில் இரண்டுமே சுவைதான். 1907இல் பிடிக்கு மேலே அலகு தொடங்கும் தட்டையான இடத்தில் கிரீடம், கீழே 1907, அதற்கும் கீழே 8 '17 மாதிரி ஒன்று, பிறகு வில்கின்சன், சான்டர்சன் என்று கம்பனிப் பெயர். 1907 என்பது அந்த மாடல் அங்கீகரிக்கப்பட்ட வருடம், செய்தது 1917 ஓகஸ்ட். விற்கிறவர் 1907இல் செய்தது என்று சத்தியம் பண்ணுவார், சும்மா தலையாட்டிவிட்டு விலையைப் பேசுங்கள். குறுக்குக் கம்பியில் கொக்கி இருந்தால் 1913க்கு முந்தினது, விலை பல மடங்கு, அதனாலேயே கொக்கியை வெல்டிங் வைத்து ஏமாற்றுவதும் உண்டு, ஒட்டின இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிடியின் அடியில் இருக்கிற சின்னத் துளை 1916இல் வந்தது, 1915 அலகில் துளை இருந்தால் பிறகு போட்டது. இன்னொன்று, இந்த 1907 ஜப்பானின் 30ஆம் வகைப் பயனெற்றைப் பார்த்துச் செய்தது. 35 வருடம் கழித்து, 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு, அதே ஜப்பான்காரனின் விமானங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கும் ரத்மலானைக்கும் மேலே நின்றன.

நம்பர் 4இல் எழுத்துகள் கழுத்தில் இருக்கும், சின்னதாக, சில நேரம் பெயின்ற்றுக்கு அடியில். N, M, S என்று தொடங்கி இலக்கம் வந்தால் இங்கிலாந்தின் வடக்கு, நடுப்பகுதி, தெற்கு என்று பிரித்துக் கொடுத்த இரகசியக் குறி. C எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. மலிவாகக் கிடைப்பதால் வகைக்கொன்றாகச் சேர்க்க முடிகிறது, ஒரு நல்ல 1907 வாங்கும் காசில் ஒரு சின்ன வரிசையே வைத்துவிடலாம், எனக்கு அது பிடித்திருக்கிறது. எதை வாங்கினாலும் எமரி பேப்பர் போட்டு மினுக்கின சாமான் வேண்டாம், எழுத்துத் தேய்ந்தால் வெறும் இரும்பு.

கண்டி, நுவரெலியாப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றுத் தொல்லை இல்லை, ஆனால் அங்கே குளிரும் ஈரமும் தோலுக்கு வேறு விதமாக விளையாடும். எப்படியும் 1907தான் வேண்டும் என்பவர்கள் இஷாப்பூர் துவக்குத் தொழிற்சாலையின் ஆர்.எஃப்.ஐ. எழுத்துப் பதிந்த, 12 அங்குலமாகக் குறைத்த இந்திய வகையைத் தேடுங்கள். 1942இல் 34ஆவது இந்திய டிவிஷன் இலங்கையில் நின்றது என்பதால் இந்த ஊருக்கு அது பொருத்தமும்கூட. உறை இல்லாமல் வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கடற்கரைப் பக்கம் இருப்பவருக்கு உறை இல்லாதது ஒரு குறையே இல்லை. அப்படி ஒன்று வந்தால் நானும் வாங்குவேன்.